பழைய காரும் திருத்திய கணக்கும்

சென்ற இதழில், பழைய கார் வாங்க விரும்பும் அன்பர்கள் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், கடன் தீர்ந்ததற்கான சான்று முதலியவற்றைச் சரிபார்க்கும் முறையை எழுதியிருந்தேன். அதைப் படித்த டோம்பிவிலி நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பார்த்து வைத்திருக்கும் காரின் பத்திரங்கள் யாவும் ஒழுங்காக இருக்கின்றனவாம். டர்போ பொருத்திய யந்திரம். ஓட்டிப் பார்த்தபோது இழுவை எதிர்பார்த்ததற்கும் மேலாகவே இருந்ததாம். இதைக் கேட்ட அவருடைய நண்பர், "அவ்வளவு இழுவை என்றால் அது ரீமேப் செய்த வண்டியாக இருக்கலாம், ஜாக்கிரதை" என்று சொல்லிவிட்டாராம். "ரீமேப் என்பது யாது? செய்திருக்கிறார்களா என்று அறிவது எப்படி? செய்திருந்தால்தான் என்ன?" என்பவை அவருடைய கேள்விகள்.

மூன்றும் கேட்கத் தக்க கேள்விகளே. 2022-ஆம் ஆண்டில் நான் இவற்றைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தவறியதால் என் குடும்பத்தில் நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையின் கணவர் அவ்வாண்டு ஜனவரியில், ஆறு வருஷம் ஓடிய சிறிய டீசல் கார் ஒன்றை விலை பேசினார். விற்றவர் நம்மவர், தமிழ் விழாக்களில் அடிக்கடி சந்திக்கும் மனிதர். வண்டியைப் பார்த்துச் சொல்லும்படி மாப்பிள்ளை என்னை அழைத்துப் போனார். நானோ ரயில்வே குமாஸ்தா, காகிதங்களோடு பழகியவன். ஆர்.சி.யில் உள்ள எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். டயர்களைத் தட்டிப் பார்த்தேன். பிறகு, "தாராளமாக வாங்கலாம், மாப்பிள்ளை" என்று சொன்னேன்.

மே மாதத்தில் அவருடைய தாயாருக்கு முதலாண்டுத் திதி வந்தது. திருநெல்வேலிக்கு ரயிலில் இடம் கிடைக்கவில்லை. ரயில்வேயிலேயே வேலை பார்க்கும் என்னாலும் வாங்கித்தர இயலவில்லை. ஆகவே குழந்தைகளையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு காரிலேயே புறப்பட்டார்கள். 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரயாணம். புனேயைக் கடந்து, சாத்தாராவுக்கு முன்னால் உள்ள கம்பாட்கி மலைப்பாதையில் ஏறுகையில் யந்திரம் அலறியது. வண்டி மட்டும் நகர மறுத்தது. கிளட்ச் எரிந்த நாற்றம். இரவு பதினோரு மணி. சாலையோரத்தில் கைக்குழந்தையுடன் நின்றுகொண்டு தங்கை எனக்குப் போன் செய்தாள்.

மறுநாள் சாத்தாராவில் வண்டியைப் பிரித்த மெக்கானிக் மாப்பிள்ளையிடம் கேட்ட முதற் கேள்வி, "இந்த வண்டிக்குப் பவர் ஏற்றியது யார்?" என்பதுதான். கிளட்சும் டர்போவும் மாற்றி, ஏறக்குறைய 70,000 ரூபாய் செலவழித்து, அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது திதி நடந்து முடிந்திருந்தது. மூத்த மகன் செய்ய வேண்டியதைத் தம்பி செய்திருந்தார். மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்கள் என்ன செய்வீர்கள், மச்சான்?" என்றார். குறை சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

விற்றவரைக் கேட்டேன். அவர் மறைக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. "ஆமாம், மூன்று வருஷம் பவர் ஏற்றி ஓட்டினேன். விற்பதற்கு முன் பழையபடியே மாற்றிவிட்டேனே! நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையே?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பின், தெரிந்த மெக்கானிக்குகள் இருவரை நச்சரித்து நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

ரீமேப் என்பது யாது?

யந்திரம் எரிபொருளை எரித்துவிட்டு வெளியே தள்ளும் சூடான புகைக்கு வேகம் உண்டு. அவ்வேகத்தைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழலச் செய்து, அதே அச்சில் மறுமுனையிலுள்ள சக்கரத்தினால் காற்றை அழுத்தி யந்திரத்துக்குள் செலுத்துவதே டர்போ. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி என்பவர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கார்களிலுள்ள சிறிய டர்போ நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக் கூடியது. காற்று அதிகம் புகுந்தால் எரிபொருளையும் அதிகமாகச் சேர்க்கலாம். ஆகவே சிறிய யந்திரமும் பெரிய யந்திரத்தின் வேலையைச் செய்கிறது.

எவ்வளவு காற்று, எவ்வளவு எரிபொருள், எந்த நொடியில், எந்த அழுத்தத்தில் என்பதையெல்லாம் நிர்ணயிப்பது ஒரு சிறு கணினிப் பெட்டி. மெக்கானிக்குகள் இதை இ.சி.யு. என்பார்கள். அதற்குள்ளே நம் ரயில்வே கட்டண அட்டவணையைப் போன்ற எண் அட்டவணைகள் பல இருக்கின்றன. இன்ன வேகத்தில் இவ்வளவு மிதித்தால் இவ்வளவு எரிபொருள் என்று அவற்றில் குறித்திருக்கும். அந்த அட்டவணைக்குத்தான் மேப் என்று பெயர். அதை அழித்து வேறு எண்களை எழுதுவதே ரீமேப்.

டர்போ இல்லாத யந்திரத்தில் இவ்வாறு எழுதுவதால் கிடைக்கும் ஆதாயம் சொற்பம். டர்போ உள்ள யந்திரத்திலோ காற்றின் அழுத்தத்தையே உயர்த்திவிடலாம். ஆகவே திறனை நூற்றுக்கு இருபது முப்பது பங்கு கூட்டித் தருவதாகச் சொல்லிச் செய்கிறார்கள். ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை. அதனால்தான் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

"கம்பெனிக்காரர்கள் ஏன் அந்தத் திறனை முதலிலேயே கொடுக்கவில்லை?" என்று கேட்கலாம். அவர்கள் கொடுக்காமல் வைத்தது கஞ்சத்தனத்தினால் அன்று. மட்டமான எரிபொருள், மே மாத வெயில், மலையேற்றம், ஐந்து பேரும் அவர்களுடைய மூட்டைகளும், இவ்வளவையும் பத்து வருஷம் தாங்க வேண்டும் என்று கணக்கிட்டு இடைவெளி விட்டு வைக்கிறார்கள். ஓர் உதாரணம் பாருங்கள். ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. மல்டிஜெட் டீசல் யந்திரம், மாருதி ஸ்விஃப்ட் காரில் 75 பி.எஸ். திறனும் 190 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தந்தது. அதே யந்திரம் எர்டிகாவில் 90 பி.எஸ்., 200 நியூட்டன் மீட்டர் தந்தது. ஆனால் எர்டிகாவுக்கு இறக்கைகள் கோணம் மாறும் வேறு வகை டர்போவைப் பொருத்தினார்கள். அட்டவணையை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மாருதி 2020-இல் டீசல் கார்களை நிறுத்திவிட்டபோதிலும், பழைய வண்டிச் சந்தையில் இவை இன்றும் ஏராளம்.

பெட்ரோலிலும் இவ்விதமே. 2013-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரின் முறுக்கு விசை 175 நியூட்டன் மீட்டர். அதிலுள்ள ஏழு கியர் தானியங்கிப் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்குவதற்கென வகுக்கப்பட்டது. அந்த இடைவெளிதான் பெட்டியின் ஆயுள். ரீமேப் செய்பவர் அந்த இடைவெளியைத்தான் எடுத்துச் செலவு செய்கிறார். நல்ல கைகாரர் அளவோடு எடுப்பார். அரைகுறையாகக் கற்றவர் அடியோடு எடுத்துவிடுவார்.

ஆகவே ரீமேப் செய்த வண்டியெல்லாம் கெட்ட வண்டி என்று நான் சொல்ல வரவில்லை. செய்தவருக்குத் தம் வண்டி எவ்வளவு உழைத்திருக்கிறது என்பது தெரியும். அறியாமல் வாங்குகிறவருக்குத் தெரியாது. ஒருவர் அனுபவித்த வேகத்திற்கு மற்றொருவர் பணம் கட்டும்படி ஆகிவிடுகிறது. தீங்கு அங்கேதான் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரிபவை

ரீமேப்பைக் கண்டுபிடிக்க ஒரே சோதனை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. ஆகவே சாட்சிகளை ஒவ்வொன்றாக விசாரித்து, எல்லாம் ஒரே திசையில் போகின்றனவா என்று பார்ப்பதே வழி.

முதல் சாட்சி சர்வீஸ் ரசீதுகள். முப்பதாயிரம் கிலோமீட்டரில் கிளட்ச் மாற்றியிருக்கிறதா? டர்போ மாற்றியிருக்கிறதா? கம்பெனி சர்வீஸில் ஒழுங்காகச் சென்ற வண்டி ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பின் அங்கே போகவே இல்லையா? போகாததற்குக் காரணம் கேளுங்கள். சிக்கனமும் காரணமாக இருக்கலாம். மாற்றி எழுதியதைக் கம்பெனியார் கண்டுவிடுவார்களே என்ற அச்சமும் காரணமாக இருக்கலாம்.

இரண்டாவதாக, பானெட்டைத் திறந்து பாருங்கள். இ.சி.யு. பெட்டியைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் தலையில் கீறல் உண்டா? பெட்டியின் மூடி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அதன் விளிம்பில் நெம்பிய தழும்போ, வேறு நிறப் பசையோ தென்படுகிறதா? சில வண்டிகளில் பெட்டியைத் திறந்தால்தான் மாற்றி எழுத முடியும். எங்கள் வண்டியில் மெக்கானிக் கண்டது இந்தத் தழும்பைத்தான். புகையில் ஒரு பகுதியை மறுபடியும் யந்திரத்துக்கே திருப்பும் இ.ஜி.ஆர். வால்வின் வாயை ஒரு தகட்டால் அடைத்தும் வைத்திருந்தார்கள். இவ்விரண்டையும் அன்று நான் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் விளங்கியிருக்கும்.

டியூனிங் பாக்ஸ் என்று மற்றொன்று உண்டு. இது அட்டவணையைத் தொடுவதில்லை. டீசல் அழுத்தத்தையோ காற்றழுத்தத்தையோ அளக்கும் சென்சாருக்கும் இ.சி.யு.வுக்கும் நடுவில் அமர்ந்து, பொய்யான அளவைச் சொல்லி ஏமாற்றுகிறது. அழுத்தம் குறைவு என்று நம்பி இ.சி.யு. அதிகமாகத் தள்ளுகிறது. விற்பதற்கு முன் இதைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். ஆயினும் சென்சார் இணைப்பின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருப்பது, அவ்விடத்தில் மட்டும் தூசியின்றிச் சுத்தமாக இருப்பது, ஒயரைக் கட்டிய அடையாளம் போன்றவை எஞ்சி நிற்கும்.

அகலமான காற்று வடிகட்டி, தடித்த புகைக் குழாய், முன்கண்ணாடியின் ஓரத் தூணில் மீட்டர் பொருத்திய துளை ஆகியவையும் வண்டி எவ்விதமானவர் கையில் இருந்தது என்பதைச் சொல்லும். புகை வடிகட்டியான டி.பி.எஃப். உள்ள டீசல் காரில், புகைக் குழாயின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் கரி அப்பினால் வடிகட்டி பழுதாகியிருக்கிறது, அல்லது உள்ளே இருந்த பொருளையே எடுத்துவிட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

ஓட்டிப் பார்ப்பது

யந்திரம் நன்றாகச் சூடேறிய பின், போக்குவரத்து இல்லாத ஏற்றமான சாலையில், மூன்றாவது அல்லது நான்காவது கியரில் 1,500 சுற்றிலிருந்து முழுவதும் மிதித்துப் பாருங்கள். சுற்று முள் வேகமாக ஏறி, வண்டியின் வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். வீட்டைச் சுற்றி ஓட்டுகையில் இது தெரியாது. அதிக முறுக்கு விசை வரும்போதுதான் தெரியும். நான் அன்று ஓட்டிப் பார்த்ததெல்லாம் சமதரையில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில்!

அச்சமயம் பின்னால் ஒருவரை வேறு வண்டியில் வரச் சொல்லுங்கள். மிதிக்கும்போது கரும்புகை மண்டினால், எரிவதற்குக் காற்றுப் போதாத அளவு டீசல் பாய்கிறது என்று அறியலாம். பெட்ரோல் காரில், மிதியை விட்டவுடன் புகைக் குழாயில் பட்டாசு வெடிப்பது போன்ற ஓசை கேட்டால், அதுவும் பெரும்பாலும் மாற்றி எழுதியதன் விளைவே. இளைஞர் சிலர் அவ்வோசைக்கென்றே பணம் கொடுத்து எழுதிக்கொள்கிறார்கள்.

"இழுவை அதிகம்" என்ற ஒன்றை மட்டும் சாட்சியாகக் கொள்ளாதீர்கள். டர்போ வண்டியை முதன்முதலில் ஓட்டுபவருக்கு எல்லா டர்போவும் அதிக இழுவையாகவே தோன்றும். அதே மாடல், அதே வருஷத்து வண்டி தெரிந்தவர் யாரிடமேனும் இருந்தால் இரண்டையும் ஒரே சாலையில் ஓட்டி ஒப்பிடுவதே நியாயம். டோம்பிவிலி அன்பர் முதலில் செய்ய வேண்டியது இதுவே.

வண்டியின் வாக்குமூலம்

2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில், பெரும்பாலும் ஸ்டியரிங்கின் கீழே, பதினாறு துளையுள்ள ஓர் இணைப்பு இருக்கும். அதற்கு ஓ.பி.டி. என்று பெயர். அதில் ஒரு ஸ்கேனரைச் செருகினால் இ.சி.யு. பேசும். கைப்பேசியோடு இணைந்து வேலை செய்யும் சிறிய ஸ்கேனர்களே இதற்குப் போதும்.

முதலில், இ.சி.யு. சொல்லும் வண்டி எண்ணும் ஆர்.சி.யிலுள்ள சேஸிஸ் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் பெட்டியையே மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, அட்டவணையின் பெயரான காலிபரேஷன் ஐ.டி. மற்றொன்று சி.வி.என். எனப்படும் சரிபார்ப்பு எண். பேரேட்டின் அடியில் நாம் போடும் கூட்டுத் தொகையைப் போன்றது இது. மேலே ஒரு பதிவில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் அடியில் தொகை மாறிவிடும் அல்லவா? அதுபோல அட்டவணையில் ஓர் எண் மாறினாலும் சி.வி.என். மாறிவிடும். ஒரே மாடல் கார்கள் இரண்டில் காலிபரேஷன் ஐ.டி. ஒன்றாக இருந்தால் சி.வி.என்.னும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பெயர் ஒன்றாகவும் தொகை வேறாகவும் இருந்தால் கணக்கைத் திருத்தியிருக்கிறார்கள் என்பது ஏறக்குறைய உறுதி. இரண்டுமே வேறாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். கம்பெனியாரே சர்வீஸின்போது புதிய அட்டவணையை ஏற்றியிருக்கக் கூடும். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் விசாரித்தால் தெரியும்.

இதற்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. விற்கும் முன் பழைய அட்டவணையையே திரும்ப எழுதிவிட்டால் தொகை சரியாகவே வரும். கைதேர்ந்தவர்கள், திருத்திய பின்னரும் பழைய தொகையையே காட்டும்படி செய்வதும் உண்டு. டியூனிங் பாக்ஸோ அட்டவணையைத் தொடாததால் இந்தச் சோதனையில் அகப்படவே அகப்படாது.

ஆகவே, ஸ்கேனரில் மற்றொன்றையும் பாருங்கள். பழுதுக் குறிப்புகளை அழித்த பின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று காட்டும் பகுதி அது. எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அது வெறும் நாற்பது என்று காட்டினால், சென்ற வாரம் யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள். பேட்டரி மாற்றியதாகவும் இருக்கலாம். அப்படியானால் ரசீதைக் கேளுங்கள்.

சில கம்பெனி வண்டிகளில் இ.சி.யு. எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை உள்ளேயே பதிவாகும். அட்டவணையைப் பழையபடி மாற்றினாலும் எண்ணிக்கை குறையாது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தினர், மாற்றி எழுதியதாகக் கண்ட வண்டிக்கு டி.டி.1 என்ற குறியீட்டைத் தங்கள் பதிவில் இட்டு, அதற்கு உரிய வாரண்டியை மறுக்கும் வழக்கமும் உண்டு. இவற்றையெல்லாம் கம்பெனிக் கருவியால்தான் பார்க்க முடியும். விலை பேசி முடிக்கும் முன் வண்டியைக் கம்பெனி சர்வீஸ் நிலையத்திற்குக் கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சொல்வதற்கு ஆகும் கட்டணம் வீண் செலவு அன்று. அதற்கு விற்பவர் இணங்க மறுத்தால், அந்த மறுப்பையும் ஒரு சாட்சியாகக் கொள்ளலாம்.

பெரிய நகரங்களில் டைனோ என்ற சாதனம் உண்டு. வண்டியின் சக்கரங்களை உருளைகளின் மேல் ஓடவிட்டு அதன் திறனை அளப்பார்கள். கியர்பெட்டி முதலியவற்றில் கொஞ்சம் திறன் வீணாவதால், சக்கரத்தில் கிடைக்கும் அளவு கம்பெனி சொன்ன அளவைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். 75 பி.எஸ். வண்டி சக்கரத்திலேயே 85 காட்டினால் வேறு சாட்சி வேண்டியதில்லை. டியூனிங் பாக்ஸ் மாட்டியிருந்தாலும் இதில் அகப்படும். ஆனால் முன்பே கழற்றிவிட்ட வண்டியில் இதனாலும் பயனில்லை. அங்கே கிளட்சும் டர்போவும் நெம்பிய தழும்புகளும்தான் பேசும்.

செய்திருந்தால்தான் என்ன?

மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டு செய்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. புகை வடிகட்டியை எடுத்துவிட்ட வண்டியைப் பிடித்தால், அதிகாரி கேட்கப் போவது அப்போது வண்டியை வைத்திருப்பவரைத்தான், எடுத்தவரை அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்து நேர்ந்து பணம் கேட்கும் சமயத்தில் வழக்காக மாறக் கூடும். பத்திரம் நம் பெயருக்கு மாறும்போது இந்தச் சங்கடங்களும் நம் பெயருக்கே மாறிவிடுகின்றன.

மாற்றம் செய்ததாகத் தெரிந்தால் மூன்று வழிகள் உண்டு. விட்டுவிட்டு வேறு வண்டி பார்ப்பது முதல் வழி. மலைப்பாதை வழியாக ஊர் போகும் குடும்பத்துக்கு இதுவே உத்தமம். வண்டி மற்ற விதத்தில் மிகவும் பிடித்திருந்தால், கிளட்சும் டர்போவும் மாற்றும் செலவைக் கணக்கிட்டு விலையில் கழிக்கச் சொல்வது இரண்டாவது. அப்படி வாங்கினால், கம்பெனி அட்டவணையைக் கம்பெனி நிலையத்திலேயே திரும்ப எழுதச் செய்து, அடைத்த வால்வுகளைத் திறந்து, எடுத்த வடிகட்டியைப் பொருத்தி, எண்ணெய் மாற்றிய பின்னரே ஓட்ட வேண்டும். மூன்றாவது, தெரிந்தும் அப்படியே ஓட்டுவது. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எல்லாச் சோதனைகளுக்கும் முன்னே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவே இல்லை. விற்பவரிடம் நேரில், இன்முகத்தோடு கேளுங்கள்: "இந்த வண்டியின் இ.சி.யு.வை எப்போதாவது மாற்றி எழுதியதுண்டா? டியூனிங் பாக்ஸ் மாட்டியதுண்டா? இப்போது இல்லை என்றால், முன்பு இருந்ததா?" மூன்றாவது கேள்விதான் முக்கியம். பதிலை விற்பனைச் சீட்டிலேயே ஒரு வரியாக எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். உண்மை சொல்பவர் தயங்க மாட்டார்.

"நம் மனிதர், அவரிடம் எப்படி இதைக் கேட்பது?" என்ற கூச்சம் நம்மிடம் உண்டு. ஊரை விட்டு வந்து வாழும் இடத்தில் நம் மொழி பேசுபவர் என்றாலே பாதி உறவினர் போல் ஆகிவிடுகிறார். அன்று எனக்கிருந்த கூச்சமும் அதுவே. முன்பின் தெரியாத வியாபாரியாக இருந்தால் இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் கேட்டிருந்தால் அந்த மனிதர் உண்மையைச் சொல்லியிருப்பார் என்றே இப்போதும் நம்புகிறேன். அவருடன் பழக்கமும் கெட்டிருக்காது. என் தங்கை நடு இரவில் மலைப்பாதையில் நின்றிருக்கவும் மாட்டாள்.

விற்கும் நிலையில் இருக்கும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கேட்டால் சொல்வோம் என்று காத்திராதீர்கள். கேட்கத் தெரியாதவர்தான் பெரும்பாலும் பழைய கார் வாங்குகிறார். நீங்களாகவே சொல்லிவிடுங்கள். விலையில் சில ஆயிரம் குறையலாம், அதனால் நஷ்டமில்லை.

டோம்பிவிலி அன்பர், பார்த்த முடிவை எனக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த இதழில், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களைக் கொண்டு அது எந்த வாரம், எந்த வருஷம் செய்யப்பட்டது என்று அறியும் முறையை எழுதுகிறேன். 2022-இல் நான் தட்டிப் பார்த்த டயர்களிலும் அந்த எண்கள் இருந்தன. அவற்றையும் நான் படிக்கவில்லை.